சின்னஞ்சிறு நிரல் சவால்களுக்கு எந்தப் பழைய கணினி? கொமடோர் 64, ஸ்பெக்ட்ரம், பிபிசி மைக்ரோ: ஓர் ஒப்பீடு

1980களின் வீட்டுக் கணினிகளில் ஆர்வமுள்ள சிலர் ஒன்றுகூடி, தங்களுக்குள் சிறு நிரல் சவால்களைப் பரிமாறிக்கொள்வது இன்று பல நாடுகளில் வழங்கும் பொழுதுபோக்கு. ஒருவர் ஒரு புதிரை முன்வைப்பார். மற்றவர்கள் குறித்த கணினியில் குறித்த அளவுக்குள் அதற்கு விடை எழுதி அனுப்புவார்கள். அடுத்த முறை புதிர் வைக்கும் பொறுப்பு இன்னொருவருக்குப் போகும். ஐந்தாறு பேர் புதிதாக இப்படியொரு வட்டத்தைத் தொடங்கும்போது, எந்தக் கணினியைப் பொதுக் களமாக வைத்துக்கொள்வது என்ற கேள்வி முதலில் எழும். பெரும்பாலும் சிறு வயதில் யார் வீட்டில் எது இருந்தது என்ற நினைவே இதற்கு விடை சொல்லிவிடுகிறது. அது அத்தனை நல்ல அளவுகோல் அன்று. இங்கே கைமாறுவது நிரல். ஆகவே எழுதிய நிரல் சிதையாமல் அடுத்தவரிடம் போய்ச் சேருமா, பெற்றவர் அதன் அளவைத் தாமே சரிபார்க்க முடியுமா, அதைப் படித்துப் புரிந்துகொண்டு மேலும் சுருக்க முடியுமா என்ற மூன்று கேள்விகளையும் வைத்துத்தான் கணினியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒப்பீட்டுக்கு நான் எடுத்துக்கொள்பவை மூன்று. 1981 டிசம்பரில் ஏக்கார்ன் நிறுவனம் வெளியிட்ட பிபிசி மைக்ரோ, 2 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள 6502 செயலியும் மாடல் பி வடிவில் 32 கிலோபைட் நினைவகமும் கொண்டது. 1982 ஏப்ரலில் வந்த சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், 3.5 மெகாஹெர்ட்ஸ் இசட்80 செயலியோடு 16 கிலோபைட் வடிவில் 125 பவுண்டுக்கும் 48 கிலோபைட் வடிவில் 175 பவுண்டுக்கும் விற்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் 595 டாலர் விலையில் அமெரிக்காவில் இறங்கிய கொமடோர் 64, ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6510 செயலியையும், திரையில் தனித்தனியே நகரும் சிறு உருவங்களான ஸ்பிரைட்டுகளில் எட்டைத் தாங்கும் விஐசி-2 படச் சில்லையும், இன்றுவரை இசைக் கலைஞர்கள் கொண்டாடும் சிட் ஒலிச் சில்லையும் கொண்டது. ஆப்பிள் 2, அட்டாரி, எம்எஸ்எக்ஸ் ஆகியவையும் இந்த வரிசைக்குத் தகுதியானவையே. இருந்தாலும் மூன்றை ஆழமாகப் பார்த்தால் தேர்வின் முறை விளங்கிவிடும், மற்றவற்றுக்கு அதே முறையைப் பொருத்திக்கொள்ளலாம்.

கணினியைக் குறிப்பிடாமலே விட்டுவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். பெரிய போட்டிகள் அப்படித்தான் நடக்கின்றன. இக்கணினிகளை இயக்கியதுமே கிடைக்கும் எளிய நிரல் மொழியான பேசிக்கில் பத்து வரிக்குள் விளையாட்டு எழுதும் பேசிக் டென்லைனர் போட்டி அட்டாரியில் தொடங்கி, பிறகு எட்டு பிட் கணினிகள் அனைத்துக்கும் கதவைத் திறந்தது. 2021 முதல் ஆண்டிறுதியில் நடந்துவரும் விண்டேஜ் கம்ப்யூட்டிங் கிறிஸ்துமஸ் சவாலும் எல்லாக் கணினிகளையும் ஏற்கிறது. பங்கேற்பவர் தொகை பெருகும்போது இது நல்ல ஏற்பாடு. ஒவ்வொரு கணினிக்கும் போதிய ஆட்கள் இருப்பார்கள். ஆனால் ஐந்து பேர் ஐந்து கணினிகளில் எழுதினால், ஒருவர் சேமித்த மூன்று பைட்டின் அருமை மற்ற நால்வருக்கும் தெரியாது. சிறு வட்டத்துக்கு ஒரே களம் வேண்டும்.

ஒரு புதிரை எடுத்துக்கொண்டு மூன்றிலும் நடத்திப் பார்ப்போம். 2022ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் சவாலில், உடுக்குறிகளால் (*) 17 வரி உயரமும் 17 எழுத்து அகலமும் கொண்ட ஒரு நட்சத்திரத்தைத் திரையில் வரையச் சொன்னார்கள். மேலே இரண்டு கொம்புகள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு குறிகளாகத் தடித்துக்கொண்டே வரும். ஐந்தாம் வரி முழு 17 குறிகள். அங்கிருந்து இருபுறமும் குறுகி ஒன்பதாம் வரியில் 9 குறிகள். பிறகு அப்படியே தலைகீழாக விரியும். வரிவரியாக இந்த நீளங்களைப் பட்டியலிட்டு அச்சிடுவது எவருக்கும் முதலில் தோன்றும் வழி. உற்றுப் பார்த்தால், இந்த உருவம் 13 வரி உயரமுள்ள நான்கு செங்கோண முக்கோணங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் கிடைப்பது என்று தெரியும். ஒன்று முதல் 13 வரை ஓடும் ஒரே சுற்றில், ஒவ்வொரு முறையும் ஒரு குறி கூடுதலாக வளரும் ஒரு சரத்தை நான்கு இடங்களில் அச்சிட்டால் போதும்; ஏற்கெனவே குறி இருக்கும் இடத்தில் மீண்டும் குறி விழுந்தால் நட்டம் ஏதும் இல்லை.

இந்த யோசனை செல்லுபடியாக, திரையில் விரும்பிய வரிக்கும் நெடுவரிசைக்கும் நேரே போய் எழுதும் வசதி பேசிக்கில் இருக்க வேண்டும். ஸ்பெக்ட்ரத்தில் பிரிண்ட் கட்டளையோடு ஏட் என்ற சொல்லைச் சேர்த்தால் வரியும் நெடுவரிசையும் அமைந்துவிடும். ஒரே பிரிண்ட்டுக்குள் நான்கு ஏட்களை அடுக்கலாம். பிபிசி மைக்ரோவில் டேப் என்ற சொல்லுக்குள் இரண்டு எண்களைக் கொடுத்தால் அதே வேலை நடக்கும். வரிசை மட்டும் தலைகீழ், அங்கே நெடுவரிசை முதலில் வரும். கொமடோர் 64-இல் இருக்கும் பேசிக்கின் இரண்டாம் பதிப்பில் இப்படி ஒரு கட்டளையே கிடையாது. ஒன்று, மேற்கோள் குறிகளுக்குள் திரைச் சுட்டியை நகர்த்தும் சிறப்பு எழுத்துகளைப் பொதிய வேண்டும்; இல்லையேல் திரை நினைவகம் தொடங்கும் 1024ஆம் முகவரியிலிருந்து வரிக்கு 40 வீதம் கணக்கிட்டு, உடுக்குறியின் எண்ணான 42-ஐப் போக் கட்டளையால் நேரே பதிக்க வேண்டும். இரண்டாவது வழி அழகானது, கணினியின் உடலையே தொட்டு எழுதும் நிறைவு அதில் உண்டு. ஆனால் கொமடோரின் ரோமில் (கணினிக்குள் நிரந்தரமாகப் பதிந்த நிரல் சில்லு) தொடக்கக் காலப் பதிப்பு ஒன்றில் திரையைத் துடைத்ததும் வண்ண நினைவகம் முழுவதும் பின்புல நிறமாகிவிடும். அந்தக் கணினியில் இந்த நிரலை ஓட்டினால் நட்சத்திரம் சரியாகப் பதிவாகியும் கண்ணுக்குத் தெரியாது. ஒரே பெயருள்ள இரண்டு கணினிகளில் ஒரே நிரல் இரண்டு விதமாக நடந்துகொள்வது, மதிப்பெண் போட வேண்டியவருக்குப் பெரிய தலைவலி.

ஆகவே கொமடோரை ஒதுக்கிவிடலாம் என்று சொல்ல வரவில்லை. அதன் பேசிக்கில் படத்துக்கும் ஒலிக்கும் தனிக் கட்டளைகள் இல்லாத வறுமையே அதைச் சுற்றி ஒரு தனிக் கலையை வளர்த்தது. 205.5 என்ற எண்ணோடு ஒரு தற்செயல் எண்ணைக் கூட்டி, வரும் எழுத்தை அச்சிட்டு, மீண்டும் தொடக்கத்துக்கே தாவும் ஒற்றை வரி நிரல் திரை முழுவதையும் ஒரு புதிர்ப்பாதையால் நிரப்புவது உலகறிந்தது. 205, 206 ஆகிய எண்களில் இரண்டு எதிரெதிர்ச் சாய்கோடுகள் அடுத்தடுத்து அமைந்திருந்ததால்தான் அது இயன்றது. இத்தகைய எழுத்துரு வளம் மற்ற இரண்டு கணினிகளின் இயல்பு நிலையில் இல்லை. சிட் சில்லைப் பாட வைக்கும் சவால்களுக்கும், எட்டு ஸ்பிரைட்டுகளை ஆட்டிவைக்கும் சவால்களுக்கும் கொமடோருக்கு மாற்றே கிடையாது.

சிக்கல் அந்த நிரலை அனுப்பும்போது தொடங்குகிறது. கொமடோரின் சுட்டியை நகர்த்தும் சிறப்பு எழுத்துகளுக்கு இன்றைய கணினிகளின் எழுத்து முறையில் நேரான இணை இல்லை. அக்காலத்து இதழ்கள், திரை துடைப்பு, கீழ்நோக்கு நகர்வு போன்றவற்றை அடைப்புக்குறிக்குள் சொல்லாக எழுதி அச்சிட்டன; இன்றும் நாம் அதைத்தான் செய்ய வேண்டியிருக்கிறது, பெறுபவர் ஒரு மாற்றிக் கருவியைப் பயன்படுத்தி அதை மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது. இதைவிடக் கடுமையான தொல்லை சுருக்கெழுத்தில் வருகிறது. கொமடோரில் ஒரு வரிக்கு 80 எழுத்துகளுக்கு மேல் தட்ட முடியாது. கட்டளைகளைச் சுருக்கி, பிரிண்ட்டுக்குக் கேள்விக்குறியும் மற்றவற்றுக்கு இரண்டு மூன்று எழுத்துகளும் தட்டினால், அந்த 80-க்குள் அதிகம் அடைக்கலாம். அப்படி எழுதிய நிரலைப் பட்டியலிட்டால் கட்டளைகள் முழுச் சொற்களாக விரிந்து வரி 80-ஐத் தாண்டிவிடும். அதைப் பார்த்து அப்படியே தட்டுபவருக்குக் கணினி பாதி வரியிலேயே மறுத்துவிடும்.

ஸ்பெக்ட்ரத்தின் தொல்லை வேறு வகை. 48 கிலோபைட் ஸ்பெக்ட்ரத்தில் கட்டளையை எழுத்து எழுத்தாகத் தட்ட முடியாது. ஒவ்வொரு விசைக்கும் சில கட்டளைகள் ஒதுக்கப்பட்டிருக்கும், ஒரு தட்டுக்கு ஒரு கட்டளை முழுதாக வந்து விழும். பழகியவருக்கு இது வேகம். புதியவருக்கு ஐந்து விதமான சுட்டி நிலைகளுக்கு இடையே தேடல். 1985இல் ஸ்பெயினிலும் அடுத்த ஆண்டு பிரிட்டனிலும் வந்த 128 கிலோபைட் வடிவம் எழுத்து எழுத்தாகத் தட்ட இடம் கொடுத்தது. உரைக் கோப்பாக எழுதி, நாடாக் கோப்பாக மாற்றித்தரும் கருவிகள் இப்போது இருப்பதால், எமுலேட்டரில், அதாவது பழைய கணினியைப் போல நடிக்கும் இன்றைய மென்பொருளில், ஓட்டுபவர்களுக்கு இது பெரிய தடையில்லை. உண்மையான இயந்திரத்தின் ரப்பர் விசைகளில் தட்டுபவர்கள் மட்டும் பொறுமை காக்க வேண்டும்.

பிபிசி மைக்ரோவின் பேசிக்கோ வெறும் ஆஸ்கி உரை, அதாவது இன்றைய கணினிகளும் அறிந்த சாதாரண எழுத்துகள். மின்னஞ்சலில் ஒட்டினால் அப்படியே போகும், உலாவியிலேயே ஓடும் எமுலேட்டரில் அப்படியே ஒட்டலாம். (மூன்றுக்கும் பொதுவான ஓர் எச்சரிக்கை: கைப்பேசிச் செய்திச் செயலிகள் நேரான மேற்கோள் குறியை வளைந்ததாக மாற்றிவிடும், இரண்டு உடுக்குறிகளுக்கு நடுவே வரும் உரையைத் தடித்த எழுத்தாக்கிக் குறிகளை விழுங்கிவிடுவதும் உண்டு. நட்சத்திரப் புதிருக்கு இதைவிடக் கேடு வேறில்லை. நிரலைக் கோப்பாகவே அனுப்புவது நல்லது.)

படித்துப் புரிந்துகொள்வதிலும் பிபிசி முன்னால் நிற்கிறது. சோஃபி வில்சன் வடிவமைத்த பிபிசி பேசிக்கில் பெயரிட்ட செயல்முறைகள் உண்டு, அவற்றுக்குள் தனி மாறிகள் உண்டு, ஒரு செயல்முறை தன்னையே அழைக்கலாம், ரிப்பீட் - அன்டில் சுற்று உண்டு, வகுத்தல் மீதியைக் கண்டறியத் தனிச் சொல் உண்டு. வட்டுகளைக் கம்பத்துக்குக் கம்பம் மாற்றும் ஹனோய் கோபுரம் போன்ற புதிரை அதில் எழுதினால் யோசனை அப்படியே நிரலில் தெரியும். கொமடோரில் அதே புதிருக்கு, கோசப் கட்டளையோடு ஓர் அணியை அடுக்காக வைத்து நாமே கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும். வேகத்திலும் பிபிசி பேசிக் அதன் காலத்து வீட்டுக் கணினிகளின் முன்வரிசையில் இருந்தது. ஸ்பெக்ட்ரத்தின் பேசிக் பின்வரிசையில். கொமடோரில் ஒரு வேடிக்கை: முழு எண் மாறிகளைப் பயன்படுத்தினால் நிரல் வேகம் கூடும் என்று எதிர்பார்ப்போம்; உள்ளே அவை பதின்மப் புள்ளி எண்ணாக மாற்றப்பட்டே கணக்கிடப்படுவதால் வேகம் குறையும்.

இந்த ஒப்பீட்டில் தமிழகத்து வாசகருக்கு ஒரு சிறு தொடர்பும் இருக்கக்கூடும். இந்திய அரசு 1984இல் தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கணினித் திட்டத்துக்கு வந்தவை பிபிசி மைக்ரோக்களே. அந்தத் தலைமுறை மாணவர்களில் சிலர் முதன்முதலில் தட்டிய பேசிக் இதுதான்.

இனி அளவைப் பற்றி. என் கருத்தில், கணினியைவிட அளவுகோல்தான் சவாலின் சுவையைத் தீர்மானிக்கிறது. இதில் அவசரப்பட்டு முடிவெடுக்கும் வட்டங்கள் இரண்டாம் புதிரிலேயே வாக்குவாதத்தில் இறங்கிவிடும். வரிகளின் எண்ணிக்கையை அளவாக வைப்பது கேட்க எளிமையானது. ஆனால் ஸ்பெக்ட்ரத்தில் ஒரு வரிக்குள் முக்காற்புள்ளியிட்டு 127 கட்டளைகள் வரை அடுக்கிக்கொண்டே போகலாம், நடைமுறையில் அது எல்லையே இல்லாதது போலத்தான். பிபிசியில் வரியின் நீளம் ஒரே பைட்டில் குறிக்கப்படுவதால் அது 255-ஐத் தாண்ட முடியாது, கொமடோரில் 80. பத்து வரி என்பது மூன்று கணினிகளில் மூன்று வேறு பொருள். பேசிக் டென்லைனர் போட்டி, வரிக்கு 80, 120, 256 எழுத்துகள் என்று தனித்தனிப் பிரிவுகளை வைத்ததற்குக் காரணம் இதுவே. ஒரே கணினிக்குள் என்றாலும், வரி எண்ணிக்கை அளவாக இருந்தால் நெரித்து அடைப்பதே திறமையாகிவிடுகிறது. நிரலைப் படிக்க முடியாமல் போகிறது.

நினைவகத்தில் நிரல் பிடிக்கும் பைட்டுகளை அளவாக வைப்பது நேர்மையானது. பிபிசியில் டாப் என்ற மாறியிலிருந்து பேஜ் என்ற மாறியைக் கழித்து அச்சிட்டால் விடை வந்துவிடும். வட்டு இயக்கி இணைந்த கணினியில் நிரல் தொடங்கும் முகவரி மாறினாலும் இந்த வித்தியாசம் மாறாது. கொமடோரில் 45, 46ஆம் முகவரிகளில் உள்ள எண்ணைப் பீக் கட்டளையால் படித்து 2049-ஐக் கழிக்க வேண்டும். ஸ்பெக்ட்ரத்தில் 23627-இல் தொடங்கும் மாறி முகவரியிலிருந்து 23635-இல் தொடங்கும் நிரல் முகவரியைக் கழிக்க வேண்டும். மூன்றிலும் செய்யலாம், ஆனால் பிபிசியில் மட்டுமே அது மனத்தில் நிற்கும் ஒரு வரி.

பைட் கணக்கை எடுத்துக்கொண்டால் ஸ்பெக்ட்ரத்தின் பேசிக் ஒரு விசித்திர உலகைத் திறக்கிறது, இங்கேதான் அதன் மேல் எனக்குத் தனிப் பிரியம். நிரலில் ஓர் எண்ணை எழுதினால், கண்ணுக்குத் தெரியும் இலக்கங்களுக்குப் பின்னால் ஒரு குறிப்பைட்டும் ஐந்து பைட் நீளமுள்ள மதிப்பும் மறைந்து உட்காரும். 10 என்று எழுதினால் 8 பைட் செலவு. அதையே மேற்கோள் குறிக்குள் சரமாக எழுதி, முன்னால் சரத்தை எண்ணாக மாற்றும் வால் என்ற சொல்லைப் போட்டால் 5 பைட்தான். ஏனென்றால் வால் என்பது நினைவகத்தில் ஒற்றை பைட். பூஜ்யம் வேண்டுமென்றால் நாட் பை (பை என்பது 3.14 என்னும் வட்ட மாறிலி), ஒன்று வேண்டுமென்றால் பையின் குறியைத் தரும் சொல், மூன்று வேண்டுமென்றால் பையின் முழு எண் பகுதி: ஒவ்வொன்றும் 2 பைட். இவற்றால் நிரல் மெதுவாகும், ஆனால் அளவு ஒன்றே குறி என்றால் யார் கவலைப்படப் போகிறார்கள்! ஒரு வட்டத்தில் இந்த உத்திகளை ஒருவர் கண்டுபிடித்து, மற்றவர்கள் அவரது விடையைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் கட்டம் இந்தப் பொழுதுபோக்கின் உச்சம். பிபிசியில் இத்தகைய மறைபொருள்கள் குறைவு. அங்கே சிக்கனம் என்பது பெரும்பாலும் நல்ல வழிமுறையைக் கண்டறிவதாகவே முடியும். எதை விரும்புகிறோம் என்பது வட்டத்தின் மனப்போக்கைப் பொறுத்தது.

செயலி நேரடியாகப் புரிந்துகொள்ளும் இயந்திர மொழிக்கு இறங்கினால் தராசு மேலும் ஸ்பெக்ட்ரத்தின் பக்கம் சாய்கிறது. திரையில் ஓர் எழுத்தை அச்சிட, 6502 குடும்பத்துக் கணினிகளான பிபிசி, கொமடோர் இரண்டிலும் ரோமில் உள்ள துணைநிரலை மூன்று பைட் கட்டளையால் அழைக்க வேண்டும். ஸ்பெக்ட்ரத்தில் இசட்80-இன் மறுதொடக்கக் கட்டளை ஒன்று, ஒரே பைட்டில் அதைச் செய்துவிடும். நினைவகத்தின் ஒரு பகுதியை இன்னொரு பகுதிக்குப் பெயர்க்க இசட்80-இல் இரண்டு பைட் கட்டளை உண்டு. 6502-இல் அதற்கு ஒரு சுற்று எழுத வேண்டும். பேசிக்கிலிருந்து இயந்திர நிரலை அழைக்கும்போது அதன் முகவரி ஏற்கெனவே செயலிக்குள் உள்ள ஒரு பதிவேட்டில் தயாராக இருப்பதையும் கைதேர்ந்தவர்கள் பயன்படுத்திக்கொள்வார்கள். 32 பைட், 64 பைட் என்று அடிமட்டத்தில் நடக்கும் சவால்களுக்கு இவை பெரும் சலுகை. மறுபுறம், பிபிசி பேசிக்குக்குள்ளேயே ஓர் அசெம்பிளர் அடங்கியிருக்கிறது. சதுர அடைப்புக்குறிகளுக்குள் 6502 கட்டளைகளை எழுதினால் அது இயந்திர மொழியாக்கிவிடும். பேசிக் மட்டும் தெரிந்தவர் முதன்முதலாக இயந்திர மொழியைத் தொட்டுப் பார்க்க இதைவிட இலகுவான வாசல் அந்தக் காலத்துக் கணினிகளில் இல்லை என்பேன்.

உண்மையான இயந்திரமா, எமுலேட்டரா என்பதில் எனக்கு அதிகத் தயக்கமில்லை. கொமடோரின் பழைய மின்வழங்கி பழுதானால் 5 வோல்ட் எல்லையை மீறி நினைவகச் சில்லுகளையே எரித்துவிடும். பிபிசியின் மின்வழங்கியில் உள்ள வடிகட்டி மின்தேக்கிகள் வயதாகி வெடித்துப் புகையும். ஸ்பெக்ட்ரத்தின் கீழ் நினைவகச் சில்லுகள் மின்னழுத்தக் கோளாறில் எளிதில் சாகும். இவற்றைப் பராமரிப்பது தனியொரு பொழுதுபோக்கு. அதைச் சவாலில் கலந்துகொள்வதற்கான நிபந்தனையாக்கக் கூடாது. வட்டம் முழுவதும் ஒரே எமுலேட்டரில் ஒரே மாதிரியை ஒப்புக்கொண்டு அளந்தால் போதும். இயந்திரம் வைத்திருப்பவர் அதில் ஓட்டிப் படம் எடுத்து அனுப்பினால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. கொமடோரைத் தேர்ந்தெடுப்பவர்கள் மட்டும், ஐரோப்பிய வடிவம் 0.985 மெகாஹெர்ட்ஸிலும் அமெரிக்க வடிவம் 1.023 மெகாஹெர்ட்ஸிலும் ஓடுவதை மனத்தில் வைத்து, எது என்று முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆகவே, பேசிக் ஓரளவு தெரிந்தவர்களும் புதியவர்களும் கலந்த வட்டத்துக்கு நான் பிபிசி மைக்ரோ மாடல் பி-யையே பரிந்துரைப்பேன். அளவுகோலாக டாப், பேஜ் வித்தியாசத்தையும், பிபிசியின் திரை முறைகளில் ஒரு கிலோபைட்டே பிடிக்கும் ஏழாம் முறையையும் வைத்துத் தொடங்கலாம். படம் வரையும் சவால் என்றால் 16 வண்ண இரண்டாம் முறைக்குப் போகலாம். அது 20 கிலோபைட்டை விழுங்கிவிட்டு, வட்டு இயக்கி இணைந்த கணினியில் நிரலுக்கும் மாறிகளுக்குமாக 5888 பைட்டை மட்டுமே விட்டுவைக்கும், சிறு சவாலுக்கு அது தாராளம். ஏற்கெனவே இயந்திர மொழி அறிந்தவர்கள் மட்டுமே கூடும் வட்டம் என்றால் 48 கிலோபைட் ஸ்பெக்ட்ரத்தைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. கொமடோரை ஒலிக்கும் ஸ்பிரைட்டுக்கும் உரிய சிறப்புச் சுற்றுகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எதைத் தேர்ந்தாலும், முதல் புதிருக்கு முன்பே விதியில் எழுத வேண்டிய ஒன்று உண்டு. கொமடோரின் நிரல் கோப்பு, ஏற்றும் முகவரி என்ற 2 பைட்டைத் தலையில் சுமந்து வரும்; ஸ்பெக்ட்ரத்தின் நாடாக் கோப்பில் 17 பைட் தலைப்பு முன்னால் நிற்கும்; பிபிசியில் இந்த விவரங்கள் வட்டின் அட்டவணையில் தங்கிவிடுவதால் கோப்பில் ஒன்றுமே கூடாது. இயந்திர மொழி விடைகளை அளக்கும்போது கோப்பின் அளவைக் கணக்கிடுவதா, நினைவகத்தில் ஏறிய பைட்டுகளைக் கணக்கிடுவதா, அதை ஓட்டிவிடும் பேசிக் வரியைச் சேர்ப்பதா விடுவதா என்பதை முன்கூட்டியே தீர்மானித்திருந்தால், 31 பைட்டில் முடித்தேன் என்பவருக்கும் 33 என்று எண்ணுபவருக்கும் இடையே சண்டை வராது. நினைவகத்தில் ஏறிய பைட்டுகளை மட்டும் எண்ணி, ஓட்டிவிடும் வரியை விட்டுவிடுங்கள். சமநிலை வந்தால் முதலில் அனுப்பியவருக்கே வெற்றி.